பரணில் முந்நூறு பிரதி

(சொந்தமாக நாவல் வெளியிடுவோர் கேட்ட கேள்விகளும் பதில்களும்)

கே: 640 பக்கத்தில் ஒரு சரித்திர நாவல் எழுதி முடித்திருக்கிறேன். மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. நானே அச்சடித்துவிடலாமா?
– ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், தேவகோட்டை

ப: தாராளமாக. ஆனால் அச்சுக்குக் கொடுத்த நிமிடத்திலிருந்து நீங்கள் பதிப்பாளர். மெய்ப்புப் பார்க்க ஆள் பிடிப்பது, காகிதம் தேர்ந்தெடுப்பது, பார்சல் கட்டுவது, கடைக்காரரிடம் பாக்கி கேட்டு நிற்பது எல்லாம் உங்கள் தலையில். வங்கியில் வாராக்கடன் பிரிவில் இருந்திருந்தால் கடைசி வேலை சுலபமாகக் கைவரும்.

அதற்கு முன் 640 பக்கத்தை 480 ஆக்க முடியுமா பாருங்கள். ஆஃப்செட்டில் புத்தகம் பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாக ஓடும். 160 பக்கம் குறைந்தால் பிரதிக்குப் பத்து ஃபாரம் மிச்சம். சோழர் படை ஆற்றைக் கடக்க நாற்பது பக்கம் எடுத்துக்கொள்ளலாம், தடையில்லை. காகிதக் கடைக்காரரும் சந்தோஷப்படுவார்.

கே: சொந்தக் காசில் புத்தகம் போடுவது கௌரவக் குறைச்சல் என்கிறார் என் மைத்துனர்.
– மன்னார்குடி

ப: மைத்துனருக்கு உ.வே.சா.வைத் தெரிந்திருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற எந்தப் பதிப்பாளரும் அவர் வீட்டு வாசலில் காத்திருக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, தமிழ் அபிமானிகளிடம் புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்வதாகக் கையொப்பம் வாங்கி வேலையில் இறங்கினார். இன்றைக்கு அதையே ‘முன்வெளியீட்டுத் திட்டம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பாரதியும் 1908இல் ‘ஸ்வதேச கீதங்க’ளைத் தாமே வெளியிட்டவர்தான்.

1920இல் பாரதி போட்ட திட்டம் இன்னும் பெரிது. தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடப் போவதாகவும், முதல் போட நண்பர்கள் கடன் தர வேண்டும் என்றும் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக அவை விற்றுவிடும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரும் இல்லை. கௌரவத்தைப் பற்றி மைத்துனர் கவலைப்பட வேண்டாம். பிரதி எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட்டால் அதில் நியாயம் உண்டு.

கே: ஒரு நிறுவனம் 85,000 ரூபாய்க்கு ‘பேக்கேஜ்’ தருகிறது. ஐ.எஸ்.பி.என்., உலகளாவிய விநியோகம், நூறு சதவீத ராயல்டி, பத்திரிகைச் செய்தி, சான்றிதழ் எல்லாம் உண்டாம். சேரலாமா?
– கோயம்புத்தூர்

ப: சான்றிதழ் எதற்கு? நாவல் எழுதியதற்கா, பணம் கட்டியதற்கா?

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பதிப்பகம் வைத்திருக்க வேண்டியதில்லை, எழுத்தாளரே தம் பெயரில் வாங்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். கிண்டிலில் மட்டும் போடுவதென்றால் அதுவும் கட்டாயமில்லை, அமேசான் தன் எண் ஒன்றைக் கொடுத்துவிடும்.

‘உலகளாவிய விநியோகம்’ பெரும்பாலும் இணையக் கடையில் ஒரு பக்கம் திறந்துவைப்பதோடு முடிந்துவிடுகிறது. நியூசிலாந்தில் ஒருவர் உங்கள் பெயரைப் பிழையில்லாமல் தட்டினால் புத்தகம் தெரியும். அவர் ஏன் தட்டப் போகிறார் என்பதற்குப் பேக்கேஜில் இடமில்லை. ‘நூறு சதவீத ராயல்டி’யும் அப்படித்தான். அச்சுச் செலவு, கடைக் கழிவு, இணையக் கடையின் பங்கு எல்லாம் போய் மிஞ்சுவதில் நூறு சதவீதம். மிஞ்சுவது பூஜ்யமென்றால் அதிலும் நூறு சதவீதம் உங்களுக்கே.

கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். பணத்துக்கு எத்தனை பிரதி கையில் வரும்? அதற்கு மேல் வேண்டுமானால் பிரதிக்கு என்ன விலை? ஐ.எஸ்.பி.என். யார் பெயரில்? வடிவமைத்த மூலக் கோப்பு உங்களுக்கு வருமா? பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். கோப்பு இல்லாவிட்டால் இரண்டாம் முறை அச்சடிக்க மறுபடி அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். உரிமையைப் பொறுத்தவரை, காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தாளருக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் சில ஒப்பந்தங்களில் ‘உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முடிய’ என்ற வரி பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

என்னைக் கேட்டால் மெய்ப்புத் திருத்துபவர், வடிவமைப்பாளர், அட்டை ஓவியர் மூவருக்கும் தனித்தனியே மரியாதையான தொகை கொடுங்கள். மிச்சமிருப்பது அச்சகம்.

கே: முதல் பதிப்பு எத்தனை பிரதி போடலாம்?
– பள்ளி ஆசிரியை, திருச்செங்கோடு

ப: மகள் கல்யாணத்துக்கு எத்தனை பத்திரிகை வைத்தோம் என்று எண்ணிப் பார்த்துப் பிரதி முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்தில் சாப்பாடு போட்டீர்கள், வந்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 300 பிரதி, பிரதிக்கு அச்சு 120 ரூபாய் என்றால் 36,000. மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டை மூன்றுக்கும் 20,000. ஆக 56,000. புத்தக விலை 300 என்று வையுங்கள். கடைக்கு 35 சதவீதக் கழிவு போனால் உங்களுக்கு 195 வரும். போட்ட பணத்தை எடுக்க 288 பிரதி விற்க வேண்டும். பெட்டியில் மிஞ்சுவது பன்னிரண்டு, அதுவும் உறவினருக்கே போதாது. அதே புத்தகத்தைப் பத்து சதவீதம் தள்ளி, தபால் செலவை வாங்குபவர் ஏற்க, நீங்களே நேராக விற்றால் 270 வரும். 208 பிரதியில் கரையேறலாம்.

ஆகவே யார் கையால் விற்கப் போகிறது என்று தெரிந்த பிறகு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். தெரியாதென்றால் டிஜிட்டல் அச்சில் ஐம்பதோ நூறோ போட்டுப் பாருங்கள். பிரதி விலை கூடத்தான் செய்யும். ஆனால் பரணில் கிடக்கும் இருநூறு பிரதிக்குக் கொடுத்த காசு எந்தக் கணக்கிலும் சேராது.

கே: யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அச்சகத்திலிருந்து வந்த பக்கங்களில் ‘கொடி’ எல்லாம் ‘காெடி’யாக இருக்கிறது. மொழிக்கு என்ன ஆயிற்று?
– புதுச்சேரி

ப: மொழிக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுத்துருவுக்குத்தான். யூனிகோடில் கொம்பு கண்ணுக்கு எழுத்தின் முன்னால் தெரிந்தாலும் கோப்பில் எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பிலும் இருக்கும். பல வடிவமைப்பாளர்கள் கைப்பழக்கத்தில் இன்னும் அந்தப் பழைய எழுத்துருக்களை விடவில்லை. உங்கள் கோப்பை அதற்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிக்கொள்கின்றன. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. சில அச்சுக்கூடச் சந்துகளுக்கு அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரவில்லை.

யூனிகோடிலேயே பக்கம் அமைப்பவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், மாற்றிய பிறகு வரும் பி.டி.எஃப்.ஐ ஒருமுறை முழுதாக வாசியுங்கள். ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள், ‘ஸ்ரீ’, மேற்கோள் குறிகள் இவற்றில்தான் விபத்து நடக்கும். மெய்ப்புப் பார்க்க உங்கள் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். தான் எழுதியதைத் தானே வாசிக்கும்போது, தாளில் இல்லாத ஒற்றையும் மனசு போட்டுக்கொண்டு நகர்ந்துவிடும்.

கே: அட்டைப்படம் ஏ.ஐ.யில் செய்துகொள்ளலாமா?
– சேலம்

ப: கதாநாயகிக்கு விரல் எத்தனை என்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். படம் எதுவானாலும் கைப்பேசியில் தபால்தலை அளவுக்குச் சுருக்கித் தலைப்பு படிக்க முடிகிறதா என்று பாருங்கள். இணையக் கடையில் வாசகர் பார்க்கும் அட்டை அந்த அளவில்தான்.

கே: குடும்ப நாவல் எழுதுகிறேன். முதலில் என் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு, பிறகு கிண்டிலில் ஏற்றுகிறேன். இலக்கியக் கூட்டங்களில் என்னை எழுத்தாளராகவே மதிப்பதில்லை.
– விருத்தாசலம்

ப: கூட்டத்தில் மதிக்கிறவர்களின் புத்தகம் எத்தனை விற்றது என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள்.

நீங்கள் செய்வது புது வழக்கமும் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை எடுத்து நடத்தினார். நாவலை அதில் தொடராக விட்டு, பிறகு நூலாக்கினார். இதழும் அவருடையது, எழுத்தும் அவருடையது, வாசகர் கடிதங்களும் அவருக்கே வந்தன. அப்படி 115 நாவல். தமிழில் சொந்தப் பதிப்பின் முன்னோடி யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

இன்று தமிழில் நாவல் விற்கத் தெரிந்தவர்கள் உங்கள் கூட்டத்தார்தான் என்பது என் எண்ணம். தொடர் ஓடும்போதே ‘அடுத்த எபி எப்போ?’ என்று கேட்கும் வாசகி இருக்கிறார். கதை முடிந்ததும் சில நாள் விட்டு, ‘இந்தத் தேதியோடு எடுத்துவிடுவேன்’ என்று அறிவிப்பு. பிறகு கிண்டில், அதன் பிறகு அச்சு. அச்சுப் புத்தகம் வாடகை நூலகத்துக்குப் போகிறது, அங்கே ஒரு பிரதியைப் பலர் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் உங்கள் அடுத்த தொடருக்கு வருகிறார்கள். எழுதி முடித்துவிட்டு வாசகரைத் தேடுகிறவர்களுக்கு இந்தச் சுற்று புரிவதில்லை. உங்களிடம் நாவல் முடியும் முன்பே வாசகர் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சந்தா கட்டியவர்கள் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்தத் தளமும் ‘வேறெங்கும்’ என்பதில் அடக்கம். மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை விட்டுவைக்கலாம். பழைய அத்தியாயம் ஏதாவது செயலியில் மறந்து கிடந்தால் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும், சில சமயம் புத்தகமே தூக்கப்படும். அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 90 நாள் முடிந்ததும் நீங்களாக நிறுத்தாவிட்டால் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கே: கிண்டிலில் 49 ரூபாய்க்குப் போட்டால் எல்லோரும் வாங்குவார்கள்தானே?
– திருநெல்வேலி

ப: 49 ரூபாய் என்பதற்காக நாவல் வாங்குகிறவர் அபூர்வம். 49 என்பதால் ‘என்ன குறையோ’ என்று நினைப்பவரும் உண்டு.

2016 கடைசியில் கிண்டில் தமிழுக்கு வந்தது. ராயல்டியில் இரண்டு வழி, 35 சதவீதம், 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால் மேலே சொன்ன 90 நாள் ஏற்பாட்டில் சேர்ந்தாக வேண்டும், விலையும் அவர்கள் வகுத்த எல்லைக்குள் இருக்க வேண்டும். 70 வழியில் கோப்பின் எடைக்கும் ஒரு கழிவு உண்டு என்பதால், அத்தியாயத்துக்கு ஒரு ஓவியம் என்ற ஆசை இருந்தால் படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். அன்லிமிடெடில் படிப்பவர்கள் புரட்டும் பக்கத்துக்குக் காசு, பக்கத்துக்குச் சில பைசா. வாசகர் முப்பதாம் பக்கத்தில் தூங்கிவிட்டால் முப்பது பக்கத்துக்குத்தான் கூலி. விமர்சகர் யாரும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துப் பணம் கணக்குக்கு வரும்.

கே: டொரொன்டோவில் இருக்கிறேன். ஊரிலிருந்து புத்தகம் வரவழைத்தால் புத்தகத்தைவிடத் தபால் செலவு அதிகம். எங்களைப் போன்றவர்களை எழுத்தாளர்கள் நினைப்பதுண்டா?
– டொரொன்டோ

ப: நினைக்கிறார்கள், விலை போடும்போது மறந்துவிடுகிறார்கள். கிண்டிலில் நாட்டுக்கு நாடு தனி விலை வைக்கலாம். அமெரிக்கக் கடையில் 2.99 டாலர் முதல் 9.99 வரை வைத்தால் 70 சதவீதம் கிடைக்கும், அதற்குக் கீழே 35தான். நம்மவர்கள் ரூபாய் விலையை அப்படியே மாற்றி 0.99 டாலர் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பிரதிக்கு 35 சென்ட் வரும். 2.99 வைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு டாலர், ஆறு மடங்கு. ஒரு காபியைவிடக் குறைந்த விலையில் நாவல் கிடைப்பதை நீங்கள் யாரும் தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். காபி விலை தெரிந்தவர் நீங்கள்தான்.

கே: ஐந்து நாள் இலவசமாகக் கொடுத்தேன். ஆயிரக்கணக்கில் தரவிறக்கம், ஒரு விமர்சனம்கூட இல்லை!
– கரூர்

ப: இலவசமாக வாங்கியவர்கள் படித்தார்கள் என்று யார் சொன்னது? இலவச நாள்களை முதல் புத்தகத்துக்குச் செலவழிப்பது வீண். மூன்று நாவல் ஆன பிறகு முதல் நாவலை இலவசமாக விடுங்கள். படித்துப் பிடித்தவர் அடுத்ததைக் காசு கொடுத்து வாங்க அப்போது ஏதாவது இருக்கும். மைத்துனி, தம்பி, பக்கத்து வீட்டார் பெயரில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். உறவினர் விமர்சனத்துக்கு அமேசானில் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் ‘அருமை, வாழ்த்துகள்’ என்ற விமர்சனத்தைப் படித்துப் புத்தகம் வாங்கியவரை நான் சந்தித்ததில்லை.

கே: என் கதையை யாராவது திருடிவிட்டால்?
– திண்டுக்கல்

ப: எழுதிய கணத்திலேயே காப்புரிமை உங்களுடையது. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும். பதிவு கட்டாயமில்லை. வழக்கு என்று வந்தால் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும் என்றால் 500 ரூபாய் கட்டிப் பதியலாம். பி.டி.எஃப். டெலிகிராமில் சுற்றினால் அந்தக் குழுவின் இணைப்போடு புகார் அனுப்புங்கள், எடுப்பார்கள். மறுநாள் வேறு பெயரில் வரும். மறுபடி அனுப்புங்கள். அந்த நேரத்தில் அடுத்த நாவலை எழுதலாமே என்று தோன்றினால் அதுவும் சரிதான்.

கே: சென்னைப் புத்தகக் காட்சியில் என் ஒரே நாவலுக்கு ஒரு கடை போட முடியுமா?
– தாம்பரம்

ப: ஒரு நாவலை வைத்துக்கொண்டு ஓர் அரங்கில் உட்கார்ந்தால் பஜ்ஜிக் கடைக்கு வழி சொல்லியே நாள் போய்விடும். 1977இல் தொடங்கிய அந்தக் காட்சியை நடத்துவது பபாசி என்னும் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கம். அங்கே ஏற்கெனவே அரங்கு எடுத்திருப்பவரிடம் ‘விற்றால் பணம்’ என்ற பேச்சில் பிரதிகளைக் கொடுத்துவையுங்கள். கொடுத்த எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்குங்கள், கடைசி நாள் மாலையே மிச்சத்தை எண்ணி எடுத்துவிடுங்கள். காட்சி முடிந்த மறுவாரம் போனால் ‘கோடவுன்ல இருக்கு சார்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

அச்சுக்கு நவம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். பொங்கலை ஒட்டிய காட்சிக்காக டிசம்பரில் எல்லா எழுத்தாளரும் ஒரே அச்சகத்து வாசலில் நிற்பார்கள். பைண்டிங் காயாத புத்தகத்தோடு காட்சி நடக்கும் நந்தனத்துக்கு ஓடியவர்கள் ஏராளம். பக்கவாட்டு முதுகில் தலைப்பு தெளிவாக இருக்கட்டும். அடுக்கில் வைத்த பிறகு தெரியப்போவது அது ஒன்றுதான். ஈரோடு, மதுரை போன்ற மாவட்டக் காட்சிகளை விட்டுவிடாதீர்கள், சொந்த ஊர்க்காரரின் புத்தகம் என்றால் அங்கே கை தானாக நீளும்.

கே: நூலக ஆணை கிடைத்தால் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார்களே?
– நாகப்பட்டினம்

ப: கிடைத்தால் வரும். விண்ணப்பம் இப்போது இணையவழி என்பதால் சென்னைக்கு நடக்கும் செலவு மிச்சம். ஆனால் தேர்வு எப்போது, தொகை எப்போது என்பதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அரசு வாங்குகிறதோ இல்லையோ, நீங்கள் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்கள் என நான்குக்கும் பதிப்பாளர் தம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்தச் சட்டம் விதித்த அபராதம் 50 ரூபாய் வரையும், புத்தகத்தின் விலையும். பயந்து அனுப்ப வேண்டாம். நீங்கள் மறந்துபோன பின்னும் உங்கள் நாவல் கன்னிமாராவில் இருக்கும் என்பதற்காக அனுப்புங்கள்.

கே: புத்தகம் அனுப்பக் குறைந்த செலவில் வழி?
– பட்டுக்கோட்டை

ப: பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நின்றுபோனது. சிறு பதிப்பாளர்கள் புலம்பிய பிறகு 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய். பொட்டலம் எங்கே இருக்கிறது என்று கண்காணிக்கவும் முடியும். கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கு உரிய சலுகை இது. நாவல் பண்பாட்டில் சேருமா என்பது கவுன்டரில் இருப்பவரைப் பொறுத்தது. அவருக்கு ஒரு பிரதி படிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

கே: வெளியீட்டு விழா அவசியமா?
– மதுரை

ப: மண்டப வாடகை, பொன்னாடை, சிறப்பு விருந்தினரின் போக்குவரத்து, வடை காபி ஆகியவற்றைக் கூட்டி புத்தக விலையால் வகுத்துப் பாருங்கள். வரும் விடை, விழாவில் நீங்கள் விற்க வேண்டிய பிரதி. மேடையில் பேசுகிறவர் நாவலைப் படித்துவிட்டு வருவார் என்றால் விழா நடத்தலாம்.

கே: எத்தனை பிரதி விற்றால் ‘இரண்டாம் பதிப்பு’ என்று போடலாம்?
– கும்பகோணம்

ப: எண் எதுவும் கிடையாது. இருபது பிரதி போட்டுத் தீர்த்துவிட்டு ‘மூன்றாம் பதிப்பு’ என்று அட்டையில் மினுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஒன்றும் மாற்றாமல் அச்சடித்தால் அது மறு அச்சு, பழைய ஐ.எஸ்.பி.என்.னே போதும். கணிசமாகத் திருத்தியிருந்தால்தான் புதிய பதிப்பு, அதற்குப் புதிய எண். முதல் அச்சில் இருந்த எழுத்துப் பிழைகளைச் சரிசெய்ததைத் திருத்தம் என்று எண்ணலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை பிழை?